அரசு முடக்கத்தில் தவறிய தவணை

கேள்வி: நான் அமெரிக்கக் குடிமகன். வர்ஜீனியாவில், பாதுகாப்புத் துறைக்கு ஒப்பந்த வேலை செய்யும் தனியார் நிறுவனத்தில் இருக்கிறேன். 'சீக்ரெட்' அளவிலான செக்யூரிட்டி கிளியரன்ஸ் உண்டு. 2025 அக்டோபர் 1-இல் தொடங்கி 43 நாள் நீடித்த அரசு முடக்கத்தில் எனக்குச் சம்பளம் இல்லை. வீட்டுக் கடனும் கிரெடிட் கார்டும் தவணை தவறிவிட்டன. கிளியரன்ஸ் போனால் வேலையும் போய்விடும். என்ன செய்வது?
- வாசகர், வர்ஜீனியா

பதில்: முடக்கக் காலச் சம்பளத்தை உறுதிசெய்யும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அரசு ஊழியர்களுக்கு மட்டுமே. அதே கட்டடத்தில் வேலை பார்க்கும் ஒப்பந்த ஊழியருக்கு அந்த உரிமை இல்லை. இது பெரிய அநீதி.

ஆனால் கிளியரன்ஸ் விஷயத்தில் நீங்கள் பயப்படும் அளவுக்கு நிலைமை மோசமில்லை. பணப் பிரச்சினைகளை 'கைட்லைன் எஃப்' என்ற விதிப்படி எடைபோடுகிறார்கள். கடன் நிலுவை உங்களுக்கு எதிராகத்தான் நிற்கும். ஆனால் நெருக்கடி உங்கள் கைமீறிய காரணத்தால் வந்ததா, வந்தபின் பொறுப்பாக நடந்துகொண்டீர்களா என்றும் பார்ப்பார்கள். முதலாவதற்கு முடக்கமே சாட்சி. இரண்டாவதற்கு நீங்கள்தான் சாட்சியம் சேர்க்க வேண்டும்: வங்கிக்கு எழுதிய கடிதம், அவர்கள் பதில், சம்பளம் நின்றதாக நிறுவனம் தரும் கடிதம், புதிய தவணைத் திட்டம், கட்டிய ரசீதுகள்.

வங்கி அவகாசம் தந்தால், அந்த மாதங்களைக் கிரெடிட் பதிவு நிறுவனங்களுக்கு எப்படித் தெரிவிக்கும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். தவணை 30 நாள் தாண்டினால் பொதுவாகப் பதிவாகும்; அந்தப் பதிவு ஏழு ஆண்டு வரை நிற்கலாம். அவகாசம் தந்துவிட்டுத் தாமதம் என்று பதிந்திருந்தால் ஆட்சேபியுங்கள். கிரெடிட் நிறுவனம் பொதுவாக 30 நாளுக்குள் விசாரித்தாக வேண்டும். உண்மையான தாமதத்தை நீக்கும்படி வற்புறுத்த முடியாது, கேட்டுப்பார்க்கலாம்.

எந்தக் கடனும் 120 நாளுக்கு மேல் நிலுவையானால் உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரியிடம் தெரிவிப்பது உங்கள் கடமை. அதுவரை காத்திருக்காதீர்கள். இப்போது கிளியரன்ஸ் உள்ளவர்களின் கிரெடிட் பதிவுகளைத் தொடர்ந்து கண்காணிக்கிறார்கள். அவர்களாகக் கண்டுபிடித்தால், மறைத்தீர்கள் என்ற சந்தேகமும் சேரும். கடனைத் தீர்ப்பதைவிட அந்தச் சந்தேகத்தைக் கழுவுவது கடினம்.

ஒருவேளை கிளியரன்ஸை மறுப்பதற்கான காரணங்களைப் பட்டியலிட்டு நோட்டீஸ் வந்தால், அதில் குறித்த கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். அதற்கு முன் இத்துறை வழக்கறிஞரைப் பாருங்கள்.

முடக்கக் காலத்தில் அரசு ஊழியர்களையும் ஒப்பந்த ஊழியர்களையும் கடன்காரர்களிடமிருந்து காக்க, செனட்டர் பிரையன் ஷாட்ஸ் 2019-இல் ஒரு மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. உங்கள் தொகுதி உறுப்பினருக்கு இந்த அனுபவத்தை எழுதுங்கள்.