முளையில் தெரியுமா விளையும் பயிர்?

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்பது நாம் சிறுவயது முதல் கேட்டுவரும் பழமொழி. முளையைக் கண்டு விளைச்சலைச் சொல்ல முடியுமா என்பதை ஒரு நாட்டில் 60 ஆண்டுகளாக, ஆண்டுதோறும், பணம் வைத்தே சோதித்து வருகிறார்கள். அமெரிக்காவின் பேஸ்பால் விளையாட்டில் நடைபெறும் ‘டிராஃப்ட்’ எனப்படும் இளம் ஆட்டக்காரர் தேர்வுதான் அந்தச் சோதனை. இத்தேர்வில் முதலிடத்தையோ அதனை அடுத்த ஓர் இடத்தையோ பெற்ற அணியின் முன் எத்தனை வழிகள் உள்ளன, அவற்றின் நன்மை தீமைகள் யாவை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நான் பொருளியல் மாணவன். இவ்விளையாட்டை மைதானத்தில் அமர்ந்து பார்த்தவன் அல்லேன். ஆயினும், அளவான பணத்தைக் கொண்டு நிச்சயமில்லாத எதிர்காலத்தை வாங்குவது எப்படி என்னும் வினாவுக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

தேர்வு முறை

1965க்கு முன்னர், திறமையுள்ள இளைஞனை எந்த அணி அதிகப் பணம் கொடுத்து அழைக்கிறதோ அந்த அணியில் அவன் சேர்ந்துவிடலாம். 1964இல் ரிக் ரைக்கார்ட் என்னும் கல்லூரி மாணவருக்கு ஏஞ்சல்ஸ் அணி 2,05,000 டாலர் கொடுத்தது. இப்படியே போனால் செல்வம் படைத்த அணிகளே நல்ல இளைஞர்கள் அனைவரையும் வாரிக்கொள்ளும் என்ற அச்சம் எழுந்தது. அதன் விளைவாகவே 1965 ஜூன் மாதம் முதலாவது டிராஃப்ட் நடைபெற்றது. அன்று முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ரிக் மன்டே; தேர்ந்தெடுத்த அணி கான்சாஸ் சிட்டி அத்லெட்டிக்ஸ்.

நம் நாட்டுக் கிரிக்கெட் ஏலத்தில் அதிக விலை கேட்பவருக்கே ஆட்டக்காரர் கிடைக்கிறார். டிராஃப்டில் விலைக்கு இடமில்லை, முறைக்கே இடம். முந்திய ஆண்டில் பின்தங்கிய அணி முதலில் தேர்ந்தெடுக்கும். வேண்டுமென்றே தோற்று முதலிடம் பெறும் ஆசையைக் குறைப்பதற்காக, 2023ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து முதல் 6 இடங்களைக் குலுக்கல் முறையில் ஒதுக்குகிறார்கள். மேல்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தவர்களும், நான்காண்டுக் கல்லூரிகளில் மூன்றாண்டுகளை முடித்தவர்கள் அல்லது 21 வயதை எட்டியவர்களும் இத்தேர்வுக்கு உரியர். தேர்வானவுடன் பெரிய மைதானத்தில் இறங்கிவிடுபவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலோர் கீழ்நிலை லீக்குகளில் விளையாடித் தேறிய பின்னரே மேல்நிலைக்கு வருகிறார்கள். அங்கேயே தேங்கி நின்றுவிடுபவர்கள் பலர்.

எனவே அணி வாங்குவது இன்றைய ஆட்டக்காரரை அன்று. மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அவர் ஆகக்கூடிய ஆட்டக்காரரை. 1966இல் நியூயார்க் மெட்ஸ் அணி ஸ்டீவ் சில்காட் என்பவரை முதலாவதாகத் தேர்ந்தெடுத்தது. அவர் மேல்நிலை லீகில் ஒரு நாளும் ஆடவில்லை. அடுத்த இடத்தில் தேர்வான ரெஜி ஜாக்சன் 563 ஹோம் ரன்கள் அடித்துப் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். 1988இல் 1,390ஆவது ஆளாக, 62ஆவது சுற்றில் தேர்வான மைக் பியாட்சாவும் 2016இல் அதே மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். முளையைப் பார்ப்பவர்களின் கண் எவ்வளவு தடுமாறும் என்பதற்கு இவை சான்றுகள்.

முதலாவது வினா: பள்ளி மாணவனா, கல்லூரி மாணவனா?

பதினெட்டு வயதுப் பள்ளி மாணவன் தன் வட்டாரத்துப் பையன்களுக்கு எதிராகவே ஆடியிருப்பான். அவனது உண்மையான தரம் என்ன என்று அறிவது கடினம். கல்லூரி மாணவனோ தன்னை ஒத்த வலிமையுள்ளவர்களோடு மூன்றாண்டுகள் மோதியவன். அவனைப் பற்றிய செய்தி அதிகம், ஐயம் குறைவு, மேல்நிலைக்கு வர எடுக்கும் காலமும் குறைவு. அவ்வாறாயின் எல்லா அணிகளும் கல்லூரி மாணவர்களையே எடுக்கலாமே என்று கேட்கத் தோன்றும். மறுபக்கமும் ஒன்று உண்டு. பள்ளி மாணவனுக்கு வளர்ச்சிக்குரிய ஆண்டுகள் மிகுதி. மிக உயர்ந்த திறமை பதினெட்டிலேயே வெளிப்பட்டால், அது கல்லூரி வாயிலைத் தாண்டும் வரை மற்ற அணிகள் காத்திருக்கமாட்டா.

இரண்டாவது வினா: பந்தெறிபவரா, மட்டையாளரா?

மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பந்தை எறிவது முழங்கைக்கும் தோளுக்கும் பெருஞ்சுமை. முழங்கைத் தசைநாரைப் புதுப்பிக்கும் அறுவை மருத்துவத்தை 1974இல் மருத்துவர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பந்தெறிபவருக்குச் செய்தார். அந்த ஆட்டக்காரரின் பெயரே அச்சிகிச்சையின் பெயராக இன்று வழங்குகிறது. அத்தனை பேருக்கு அது தேவைப்பட்டிருக்கிறது! மட்டையாளருக்கும் காயம் உண்டு. ஆனால் பந்தெறிபவரின் தொழிற்கருவியே அவரது கை.

இவ்விரு வினாக்களும் ஒருசேர எழுந்த ஆண்டு 2001. முதல் தேர்வு மினசோட்டா ட்வின்ஸ் அணிக்குக் கிடைத்தது. நாடெங்கும் பேசப்பட்டவர் மார்க் பிரையர் என்னும் கல்லூரிப் பந்தெறிபவர். ட்வின்ஸ் அணியோ ஜோ மவுர் என்ற பள்ளி மாணவரை எடுத்தது. அவர் அணியின் சொந்த ஊர்ப்பக்கமான செயின்ட் பால் நகரத்தவர்; மட்டையாளருக்குப் பின்னே அமர்ந்து பந்தைப் பிடிக்கும் ‘கேட்சர்’. பிரையர் கேட்கும் தொகைக்கு அஞ்சியே உள்ளூர்ப் பையனை எடுத்தார்கள் என்று பலர் குறை கூறினர். அடுத்த இடத்தில் சிகாகோ கப்ஸ் அணி பிரையரை எடுத்து, 105 இலட்சம் டாலர் ஒப்பந்தம் தந்தது.

2003ஆம் ஆண்டில் குறை கூறியவர்களே வென்றதாகத் தோன்றியது. அவ்வாண்டு பிரையர் 18 ஆட்டங்களில் வெற்றி பெற்றுக் கொடுத்தார், தோல்வி ஆறே. அப்போது மவுர் மேல்நிலைக்கே வரவில்லை. ஆனால் பிரையரை அடுத்தடுத்துக் காயங்கள் வாட்டின. 2006க்குப் பின் அவர் மேல்நிலை லீகில் ஆடவே இல்லை. மவுர் 2004 முதல் 2018 வரை ஒரே அணியில் ஆடினார். மூன்று முறை லீகின் மட்டை வீதத்தில் முதலிடம் பெற்றார். 2009இல் அமெரிக்கன் லீகின் தலைசிறந்த ஆட்டக்காரரானார். 2024இல் புகழ் மண்டபம் புகுந்தார்.

இதிலிருந்து ‘பந்தெறிபவரை எடுக்கவே கூடாது’ என்று விதி வகுத்துவிடலாமா? கூடாது. 2023இல் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணி பால் ஸ்கீன்ஸ் என்னும் கல்லூரிப் பந்தெறிபவரை முதலாவதாக எடுத்தது. அவர் அடுத்த ஆண்டே மேல்நிலைக்கு வந்து சிறந்த புதுமுகம் என்ற விருதையும், 2025இல் சிறந்த பந்தெறிபவருக்குரிய சை யங் விருதையும் பெற்றார். விதி இல்லை, இடர்ப்பாட்டின் அளவில்தான் வேறுபாடு.

மூன்றாவது வினா: பணத்தை எப்படிப் பங்கிடுவது?

பொருளியல் மாணவனாகிய என்னை மிகவும் ஈர்த்த பகுதி இதுவே. தேர்ந்தெடுப்பது வேறு, ஒப்பந்தத்தில் கையொப்பம் பெறுவது வேறு. பள்ளி மாணவன் ‘இத்தொகை போதாது, நான் கல்லூரிக்குப் போகிறேன்’ என்று சொல்லிவிடலாம். அவனுக்குப் பேரம் பேசும் வலிமை உண்டு. கல்லூரியின் இறுதியாண்டையும் முடித்தவனுக்கு அவ்வலிமை இல்லை. கிடைத்ததைப் பெற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

2004இல் சான் டியேகோ பாட்ரெஸ் அணிக்கு முதல் தேர்வு வாய்த்தது. பெருந்தொகை கேட்கக்கூடிய கல்லூரி ஆட்டக்காரர்களை விடுத்து, உள்ளூர்ப் பள்ளி மாணவரான மேட் புஷ் என்பவரை அது 31.5 இலட்சம் டாலருக்கு எடுத்தது. களத்தடுப்பாளராகத் தேர்வான அவர் மேல்நிலை லீகுக்கு வந்தது 2016இல். அதுவும் வேறோர் அணியில், பந்தெறிபவராக. அதே தேர்வில் இரண்டாம் இடத்தில் டெட்ராய்ட் அணி எடுத்தவர் ஜஸ்டின் வெர்லாண்டர். மும்முறை சை யங் விருது பெற்றவர்.

இனி 2012ஐப் பார்ப்போம். அவ்வாண்டு புதிய விதி வந்தது. முதல் 10 சுற்றுகளின் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு மதிப்பு குறிக்கப்பட்டது. ஓர் அணிக்குரிய இடங்களின் மதிப்புகளைக் கூட்டினால் வருவதே அந்த அணியின் மொத்த ஒதுக்கீடு. அந்த ஒதுக்கீட்டை 5 விழுக்காட்டுக்கு மேல் மீறினால் அடுத்த ஆண்டின் முதற்சுற்றுத் தேர்வு பறிபோகும். ஆனால் ஓரிடத்தில் மிச்சம் பிடித்ததை வேறோர் இடத்தில் செலவிடத் தடையில்லை.

முந்திய ஆண்டில் 106 ஆட்டங்களில் தோற்றிருந்த ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணிக்கு முதலிடம் கிடைத்தது. அவ்விடத்தின் மதிப்பு 72 இலட்சம் டாலர். அப்போது அதிகம் பேசப்பட்டவர்கள் பைரன் பக்ஸ்டன் என்ற பள்ளி மாணவரும், மார்க் அப்பெல் என்ற கல்லூரிப் பந்தெறிபவரும் ஆவர். ஹூஸ்டனோ போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த 17 வயது கார்லோஸ் கொரெயாவை எடுத்து 48 இலட்சத்துக்கு ஒப்பந்தம் செய்தது. மிச்சம் 24 இலட்சம். பெருந்தொகை கேட்பார் என்று மற்ற அணிகள் தயங்கியதால் 41ஆவது இடம் வரை இறங்கிவந்த லான்ஸ் மக்கல்லர்ஸ் என்ற பள்ளிப் பந்தெறிபவருக்கு அப்பணத்திலிருந்து 25 இலட்சம் கொடுக்க முடிந்தது. அது அவ்விடத்தின் மதிப்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு.

2004இல் சான் டியேகோ செய்ததும் சிக்கனம். 2012இல் ஹூஸ்டன் செய்ததும் சிக்கனம். வேறுபாடு யாது? முன்னது பணத்தை மிச்சப்படுத்தியது. பின்னது மிச்சத்தை இன்னொரு நாற்றாக நட்டது. கொரெயா, மக்கல்லர்ஸ் இருவரும் 2017இல் உலகத் தொடரை வென்ற அணியில் இருந்தார்கள்.

நான்காவது வினா: கைவிடலாமா?

2013இல் மீண்டும் முதலிடம் பெற்ற ஹூஸ்டன், இம்முறை அப்பெலையே எடுத்து 63.5 இலட்சம் கொடுத்தது. அடுத்த இடத்தில் சிகாகோ எடுத்த கிரிஸ் பிரையன்ட் 2016இல் நேஷனல் லீகின் தலைசிறந்த ஆட்டக்காரரானார். அப்பெல் மேல்நிலையை எட்டாமலே 2018இல் விளையாட்டைத் துறந்தார்.

2014இலும் முதலிடம் ஹூஸ்டனுக்கே. பிராடி ஐக்கன் என்ற பள்ளிப் பந்தெறிபவரைத் தேர்ந்தெடுத்து 65 இலட்சம் தர இசைந்தது. மருத்துவச் சோதனையில் அவரது முழங்கைத் தசைநார் பற்றி ஐயம் எழவே, அணி தொகையைக் குறைத்தது. பின்னர் 50 இலட்சம் வரை ஏறிவந்தும் உடன்பாடு ஏற்படவில்லை. ஒப்பந்தம் முறிந்ததும் அவ்விடத்தின் மதிப்பு முழுவதும் அணியின் ஒதுக்கீட்டிலிருந்து கழிந்தது. அதனால், ஏற்கெனவே 15 இலட்சம் தருவதாக இசைந்திருந்த ஜேக்கப் நிக்ஸ் என்ற இன்னோர் இளைஞருக்கும் கொடுக்கப் பணமில்லாமல் போயிற்று. எந்தத் தவறும் செய்யாத ஒருவர், வேறொருவரின் முழங்கைக்காக வாய்ப்பை இழந்தார்.

அணிக்கு ஈடு கிடைத்தது. ஒப்பந்தமாகாத முதலிடத்துக்கு மாற்றாக, 2015இல் இரண்டாம் இடம் விதிப்படி வழங்கப்பட்டது. அதில் ஹூஸ்டன் எடுத்த அலெக்ஸ் பிரெக்மன் 2017 வெற்றியில் பெரும்பங்கு வகித்தார். ஐக்கனுக்கோ 2015 மார்ச்சில் அறுவை மருத்துவம் நடந்தது. அவ்வாண்டு கிளீவ்லாந்து அணி 17ஆம் இடத்தில் எடுத்தும், அவர் மேல்நிலையை எட்டவில்லை.

அந்த 2017 வெற்றியின் மேல் ஒரு கறையும் உண்டு. எதிரணியின் சைகைகளைக் காமிரா வழியே களவாடியதாக 2020 ஜனவரியில் ஹூஸ்டன் தண்டிக்கப்பட்டது. 50 இலட்சம் டாலர் அபராதத்தோடு, 2020, 2021 ஆகிய ஈராண்டுகளின் முதலிரு சுற்றுத் தேர்வுகளும் பறிக்கப்பட்டன. அபராதப் பணத்தைவிட அந்த நான்கு இடங்களின் இழப்பே பெரிதென நான் கருதுகிறேன்.

மறுபக்கம்

இதுவரை அணியின் கண்கொண்டே பார்த்தோம். தேர்வாகும் இளைஞனின் நிலை என்ன? 1991இல் நியூயார்க் யாங்கீஸ் அணி பிரையன் டெய்லர் என்ற பள்ளிப் பந்தெறிபவரை முதலாவதாக எடுத்து 15.5 இலட்சம் டாலர் கொடுத்தது. 1993 டிசம்பரில், மைதானத்துக்கு வெளியே நேர்ந்த ஒரு சண்டையில் அவரது இடத்தோள் பழுதுபட்டது. அவர் எறியும் கையும் அதுவே. மேல்நிலைக்கு அவர் வரவே இல்லை. யாங்கீஸ் அணி 1996இல் உலகத் தொடரை வென்றது.

ஒரு தேர்வு பொய்த்தால் அடுத்த தேர்வில் ஈடுசெய்வது அணிக்கு இயலும். சுற்றுகள் 20 உண்டு. ஆண்டுகள் பல உண்டு. இளைஞனிடம் இருப்பதோ ஓர் உடல், ஒரே இளமை. எனவே, பெருந்தொகை கேட்கும் பள்ளி மாணவனைப் பேராசைக்காரன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இடரைப் பகிர்ந்துகொள்ள வழியற்றவன் அதற்குரிய விலையை முன்கூட்டியே கேட்பது பொருளியல் நியாயமே. மார்க் அப்பெல் 2021இல் விளையாட்டுக்குத் திரும்பி, 2022 ஜூனில், தம் 30ஆம் வயதில், ஃபிலடெல்ஃபியா அணிக்காக மேல்நிலையில் முதன்முறை பந்தெறிந்தார். ஆடியது 6 ஆட்டங்களே. தேர்வுக் கணக்கில் அது ஒரு பொருட்டன்று. அவருக்கு அது ஒன்பதாண்டுக் காத்திருப்பு.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் அறியப்படுவன மூன்று. ஒன்று: முதலிடத் தேர்வு என்பது ‘யார் சிறந்தவர்’ என்னும் ஒரே வினா அன்று, காலம், காயம், பணம் ஆகிய மூன்றையும் எடைபோடும் வினா. இரண்டு: ஒரு முடிவின் தகுதியை அதன் விளைவை மட்டும் கொண்டு அளக்கலாகாது. 2003இல் ட்வின்ஸ் அணியின் முடிவு தவறாகத் தோன்றியது. 2009இல் பேரறிவாகத் தோன்றியது. முடிவெடுத்த நாளில் அவர்களுக்குத் தெரிந்திருந்தது இரண்டு காலத்திலும் ஒன்றே. தெரிந்ததை முழுதும் ஆராய்ந்தார்களா, தெரியாததற்கு இடம் விட்டுவைத்தார்களா என்பதே கேட்கத் தக்கது. மூன்று: இடரைப் பரப்பிக்கொள்ள வல்லவர்களும் வல்லாதவர்களும் ஒரே மேசையில் அமர்ந்து பேரம் பேசும்போது, விதிகள் வல்லாதவர்களையும் நினைக்க வேண்டும். நிக்ஸ் போன்றவருக்கு நேர்ந்ததை எந்த ஒதுக்கீட்டுக் கணக்கும் நியாயப்படுத்தாது.

விளையும் பயிர் முளையிலே ஓரளவு தெரியும், முழுதும் தெரியாது. அந்தத் தெரியாத பகுதியை மறவாதவரே நல்ல தேர்வாளர். நாளை நம்முள் சிலர் ஆசிரியராகவோ அலுவலராகவோ அமர்ந்து, பதினெட்டு வயது இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஏற்போம். இன்னும் வெளிப்படாத திறமை அவர்களுள் இருக்கலாம் என்ற நினைவோடு அப்பணியைச் செய்வோமாக!