பிள்ளையின் ஆசை எங்கே பிறக்கிறது?



"பெரியவனானால் என்ன வேலை பார்ப்பாய்?" என்று நம் பிள்ளைகளைக் கேட்கிறோம். "டாக்டர்" என்றால் மகிழ்கிறோம். "வாப்பாவின் கடையைப் பார்ப்பேன்" என்றால் இன்னும் மகிழ்கிறோம். "டைனோசர் எலும்பு தோண்டப் போகிறேன்" என்று ஒரு பையன் சொன்னாலோ, சிரித்துவிட்டுக் கல்லாப்பெட்டிப் பக்கம் திரும்பிவிடுகிறோம். அந்த ஆசை எப்படிப் பிறக்கிறது, எதனால் வளர்கிறது என்பதைச் சற்றே சிந்திப்போம்.

மண்ணில் புதைந்து கல்லாகிப்போன பழங்கால உயிர்களை ஆராயும் கல்விக்குத் தொல்லுயிரியல் என்று பெயர். அதில் புகழ் பெற்ற மூவரின் இளமையைப் பார்ப்போம்.

முதலாமவர் மேரி ஆனிங். 1799-ல் இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் என்னும் கடற்கரை ஊரில் பிறந்தவர். தகப்பனார் மரவேலைக்காரர். வருமானம் போதாமையால் கடலோரப் பாறைகளில் கல்லான சிப்பிகளைப் பொறுக்கி, ஊருக்கு வரும் பயணிகளுக்கு விற்றார். பிள்ளைகளையும் உடன் அழைத்துப் போய்த் தொழிலைக் கற்பித்தார். 1810-ல் அவர் கடனை வைத்துவிட்டு இறந்தார். மறு ஆண்டு மேரியின் அண்ணன் ஒரு பெரிய மண்டையோட்டைக் கண்டான். அதன் உடற்பகுதியை மேரி தேடிக் கண்டுபிடித்தபோது அவருக்கு வயது 12 அல்லது 13. அந்தக் கடல் விலங்கின் எலும்புக்கூடு சுமார் 23 பவுனுக்கு விலை போயிற்று.

இரண்டாமவர் ஸ்டீபன் ஜே கூல்ட், நியூயார்க்வாசி. தகப்பனார் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர். மகனுக்கு ஐந்து வயதிருக்கும்போது அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே நின்ற டைரனோசர் எலும்புக்கூட்டைக் கண்டு முதலில் நடுங்கிய சிறுவன், இதையே படிப்பேன் என்று உறுதி கொண்டான். பிற்காலத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியரானான்.

மூன்றாமவர் அமெரிக்காவின் மான்டானா மாநிலத்து ஜாக் ஹார்னர். தகப்பனார் மணலும் சரளைக் கல்லும் விற்ற வியாபாரி. எலும்பு கிடைக்கும் இடத்துக்கு மகனை அழைத்துப் போனார். எட்டு வயதில் ஹார்னர் முதல் டைனோசர் எலும்பைக் கண்டெடுத்தார். எழுத்துக்களைப் படிப்பதில் அவருக்கு இயற்கையாகவே குறை இருந்தது. பல்கலைக்கழகத்தில் படித்தும் பட்டம் பெறவில்லை. ஆயினும் டைனோசர்களின் கூடுகளையும் குஞ்சுகளையும் ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார்.

இம்மூவர் வீட்டிலும் பெரும் செல்வமில்லை. பொதுவாக இருந்தவை இரண்டு: கண்ணால் கண்டு கையால் தொடக்கூடிய ஒரு பொருள், அதனருகே பிள்ளையை அழைத்துச் சென்ற ஒரு தகப்பன். ஆசை தானாக முளைப்பதில்லை. விதை போடுகிறவர் ஒருவர் வேண்டும்.

விதை முளைத்தபின் வாசலும் திறந்திருக்க வேண்டும். மேரி ஆனிங் அறிவியல் கட்டுரைகளைக் கையால் பிரதி எடுத்துப் படித்தார். அவர் தோண்டியதை வாங்கிய கனவான்கள் பல சமயம் அவர் பெயரைக் குறிப்பிடாமலே எழுதினார்கள். பெண் என்பதால் லண்டன் நிலவியல் கழகத்தில் அவருக்கு இடமில்லை. 1847-ல் அவர் இறந்தார். அக்கழகம் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1919-ல்தான். நம் வீட்டுப் பெண்மக்கள் ஆசையைச் சொல்லும்போது இதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

"இதெல்லாம் சீமைக் கதை" என்று தள்ளிவிட முடியாது. பகாங் மாநிலத்தில் டைனோசர் பல் கிடைத்ததை 2014-ல் மலாயாப் பல்கலைக்கழகத்தார் அறிவித்தார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2015-ல் திறந்த லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த மூன்று பெரிய டைனோசர் எலும்புக்கூடுகள் இருக்கின்றன.

எலும்பைக் கண்டு வியக்கும் பிள்ளைகள் எல்லாரும் தொல்லுயிரியலார் ஆகிவிட மாட்டார்கள். பலர் நம்மைப்போல் கடைக்கே வரக்கூடும். ஆனால் உற்றுப் பார்க்கவும், கேள்வி கேட்கவும், பொறுமையாகத் தேடவும் பழகிய பிள்ளை எந்தத் தொழிலிலும் நஷ்டப்படாது. சரக்கின் தரம் பார்க்கவும் அந்தக் கண்தானே வேண்டும்?

ஆகவே சகோதரர்களே, மாதத்தில் ஒரு நாள் பிற்பகலைப் பிள்ளைக்கென்று ஒதுக்குங்கள். அது கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், "வா, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லுங்கள். கடையை அரை நாள் வேலையாள் பார்த்துக்கொள்வார். பிள்ளையின் ஏழு வயது திரும்பி வராது.