கடன் கட்டுக்கு மீறினால் கோர்ட்டுக்குப் போகலாமா?

விவசாயத்தில் கடன் இல்லாத குடும்பம் அரிது. விதைப்புக்கு வாங்கி அறுப்பில் அடைக்கும் கடனால் யாரும் கெட்டுப்போவதில்லை. பழைய கடனின் வட்டிக்காகப் புதுக் கடன் வாங்கும் நாள் வந்துவிட்டால்தான் கடன் கட்டுக்கு மீறிவிட்டது என்று அறியவேண்டும்.

இரண்டு ஏக்கர் நஞ்சை உள்ள ஒரு விவசாயியின் கணக்கைப் பார்ப்போம். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் 60,000 ரூபாய். அதற்குப் பக்கத்து வயல்காரர் ஜாமீன். பாங்கியில் நகைக்கடன் 80,000. உரக்கடை பாக்கி 40,000. மூன்று பேரிடம் புரோநோட்டு எழுதி வாங்கியது 3,00,000. ஆக மொத்தம் 4,80,000 ரூபாய். புரோநோட்டுக் கடன் மூன்று வட்டி என்றால் மாதம் 9,000, வருடத்துக்கு 1,08,000 ரூபாய் வட்டியாகவே போகும். இரண்டு ஏக்கர் நெல்லில் செலவு போக இவ்வளவு மிஞ்சாது. ஆகவே இந்தக் கடன் உழைத்து அடைகிற கடன் அல்ல. இன்னும் இரண்டு போகம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் தொகை ஏறுமே தவிர இறங்காது.

தள்ளுபடிக்குக் காத்திருப்பவர்கள் பலர். தமிழ்நாட்டில் 2006, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி ஆனது உண்மை. ஆனால் தனியாரிடம் எழுதிக் கொடுத்த புரோநோட்டில் ஒரு ரூபாயையும் அவை குறைக்கவில்லை. மேலே சொன்ன விவசாயிக்கு அப்படி ஒரு தள்ளுபடி வந்தாலும் 4,20,000 ரூபாய் அப்படியே நிற்கும்.

முதல் வேலை, கடன்களைத் தரம் பிரிப்பது. நகை, அடமானம் போன்ற ஈடு உள்ள கடன் ஒரு வகை. வெறும் கையெழுத்தில் நிற்கும் கடன் இன்னொரு வகை. ஈடு பெற்றவரின் உரிமையை எந்த மனுவும் தொடாது. நகையை மீட்காவிட்டால் அது ஏலத்துக்குத்தான் போகும். புரோநோட்டுக்குக் காலக்கெடு மூன்று ஆண்டுகள். அதற்குள் பின்பக்கத்தில் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டால் அன்றிலிருந்து மீண்டும் மூன்று ஆண்டுகள் ஓடும். தேதி பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களே அதிகம். கந்து வட்டி, மீட்டர் வட்டி வாங்குவது 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். அசலையும் அரசு நிர்ணயித்த வட்டியையும் கோர்ட்டில் கட்டி, கணக்கைத் தீர்க்கக் கேட்கவும் அந்தச் சட்டம் வழி விடுகிறது.

அடுத்தது சமரசம். தாலுகா கோர்ட்டுகளில் இயங்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவிடம் எழுதிக் கொடுத்தால், வழக்கு போடுவதற்கு முன்பே லோக் அதாலத்தில் கடன்காரரை அழைத்துப் பேசலாம். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமானத்தைப் பொறுத்தது. இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். லோக் அதாலத் தீர்ப்புக்கு அப்பீல் இல்லை. அது கோர்ட் டிகிரிக்குச் சமம். தவணை தவறினால் கடன்காரர் நேரே நிறைவேற்று மனு போடலாம். ஆகவே 'மாதம் 5,000 கட்டுகிறேன்' என்று சம்பளக்காரர்போல் ஒப்புக்கொள்ளக் கூடாது. சம்பா அறுப்பு முடிந்து நெல் பணம் கைக்கு வரும் மாசி, பங்குனியில் ஒரு தவணை என்று கேட்டு எழுதிக்கொள்வதே விவசாயிக்குப் பொருந்தும். வட்டியைக் குறைக்கும்படி கேட்கவும் தயங்க வேண்டாம்.

சமரசத்துக்கும் வழியில்லாதபோதுதான் ஊரில் 'மஞ்சள் கடுதாசி' என்றும் 'ஐ.பி.' என்றும் சொல்லும் நொடிப்பு மனு. இதற்கு 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. 2016-இல் வந்த புதிய சட்டத்தில் தனிநபர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அமலாகவில்லை. மனுவைச் சார்பு நீதிமன்றத்தில் கொடுப்பது வழக்கம். எல்லாக் கடன்காரர்களின் பெயர், முகவரி, தொகையையும், தமக்குள்ள சொத்து முழுவதையும் அதில் காட்டவேண்டும்.

நோட்டீஸ் அனுப்பியதோடு கடன் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கோர்ட் விசாரித்து நொடித்தவர் என்று அறிவித்ததும் சொத்து ரிசீவர் வசம் போகும். அவர் அதை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கிடுவார். குடியிருக்கும் வீடு, உழவு மாடு, கலப்பை முதலிய கருவிகள், விதை நெல், தாலி, சமையல் பாத்திரம் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. நிலத்துக்கு விலக்கு இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் மனு போட்டுப் பிறகு அலறிப் பயனில்லை.

நிலத்தைக் காப்பாற்ற மைத்துனர் பெயருக்கு எழுதி வைத்துவிட்டு மனு போடும் யோசனையை ஊரில் யாராவது சொல்வார்கள். நொடிப்புக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் நியாயமான விலை பெறாமல் எழுதிய கிரயத்தைக் கோர்ட் ரத்து செய்யலாம். நிலமும் போகும், மனுதாரர் நாணயமும் போகும்.

மேற்படி விவசாயியின் நிலம் வில்லங்கம் இல்லாமல் ஏக்கர் 10 லட்சம் பெறுமானால் அவர் மனு போடவே தகுதியில்லை. கடனைத் தீர்க்கச் சக்தியற்றவருக்கே இந்தச் சட்டம். ஏலத்தில் பாதி விலைக்குப் போவதைவிட, அரை ஏக்கரைத் தாமே நல்ல விலைக்கு விற்றுப் புரோநோட்டுகளைக் கிழித்து வாங்குவதே மேல். மனம் வலிக்கும், ஆனால் மீதி ஒன்றரை ஏக்கர் வட்டிக்காரர் கைக்குப் போகாது. அதே கடன் உள்ள குத்தகைதாரர், விற்க நிலமில்லாதவர், புரோநோட்டுக் கடனே பெரும்பகுதியாக உள்ளவர் என்றால் மனு போடுவதில் தவறில்லை. இதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை. பணம் இல்லாத காரணத்துக்காக மட்டும் கடனாளியைச் சிறையில் அடைக்கக் கூடாது என்று 1980-இலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

மனு போடுமுன் ஜாமீன் போட்டவரிடம் சொல்லிவிடவேண்டும். கடனாளி விடுபட்டாலும் ஜாமீன்தாரர் விடுபடமாட்டார். அந்தப் பக்கத்து வயல்காரர் தலையில் 60,000 ரூபாய் விழும். முடிந்தால் அந்த ஒரு கடனுக்காவது சங்கத்தில் முதலிலேயே தவணை கேட்டுப் பார்ப்பது நல்லது. செக் திரும்பிய வழக்கு தனி; அது மனுவோடு நிற்காது. அரசுக்குச் சேரவேண்டிய பாக்கியும் மோசடியால் பட்ட கடனும் தீராது. விடுவிப்பு கிடைக்கும்வரை, நொடித்தவர் என்பதைச் சொல்லாமல் 50 ரூபாய் கடன் வாங்கினாலும் குற்றம்.

நொடித்தவர் என்று அறிவிக்கும்போதே, விடுவிப்பு கோரி எவ்வளவு காலத்துக்குள் மனு செய்யவேண்டும் என்றும் கோர்ட் சொல்லும். கெடுவுக்குள் மனு செய்யாவிட்டால் நொடிப்பு உத்தரவே ரத்தாகிக் கடன்கள் மீண்டும் உயிர்பெறும். ஆகவே வக்கீலிடம் அந்தத் தேதியைக் கேட்டு வீட்டுக் காலண்டரில் குறித்து வைக்கவேண்டும்.