பதினெட்டு வரை பொறுக்கட்டும்
(ஓர் இளம் விளையாட்டு எழுத்தாளருக்குக் கடிதம்)

அன்புள்ள தம்பி,

சிறுவர்களை கிளப் விட்டு கிளப் மாற்றுவது பற்றி நீ எழுதிய கட்டுரையை வந்த அன்றே படித்தேன். 18 நிறையாதவர்களை நாடு விட்டு நாடு மாற்றுவதைத் தடுக்கும் ஃபிஃபாவின் 19ஆம் விதி, அதன் விலக்குகள், அதை மீறியதற்காக 2014இல் பார்சலோனாவுக்கும் 2019இல் செல்சிக்கும் விழுந்த தடைகள் எல்லாம் உனக்கு நன்றாகத் தெரியும். அவற்றில் நான் திருத்த ஒன்றுமில்லை. எனக்குப் பொறுக்காதது நீ மெஸ்ஸியை இழுத்த விதம்.

இந்த விதி அன்றைக்கே இருந்திருந்தால் உலகத்துக்கு மெஸ்ஸி கிடைத்திருப்பாரா என்று கேட்கிறாய். முழுக் கட்டுரையையும் அந்த ஒரு கேள்வியின் தலையில் ஏற்றி வைத்திருக்கிறாய். நம் ஊரில் லாட்டரிக் கடை இருந்த காலத்தில் பரிசு விழுந்தவர் படத்தை ஒட்டித்தான் சீட்டு விற்றார்கள். விழாதவர் படத்தை யாரும் ஒட்டியதில்லை. ஏஜென்ட்டுகள் ஏழைப் பெற்றோரிடம் காட்டுவதும் மெஸ்ஸி படத்தைத்தான். அதே படத்தை ஒரு பத்திரிகைக்காரன் காட்டலாமா?

சரி, மெஸ்ஸி கதையையாவது முழுதாகச் சொன்னாயா? 2000இல், 13 வயதில், ரொசாரியோவிலிருந்து பார்சலோனா போனார். வளர்ச்சி ஹார்மோன் ஊசிக்கு அந்த கிளப் பணம் கொடுத்தது. இதை எழுதினாய். குடும்பம் இரண்டாகப் பிரிந்ததை எழுதவில்லை. அம்மாவும் உடன்பிறந்தவர்களும் ஊர் திரும்பினார்கள். அப்பாவும் பிள்ளையும் மட்டும் அந்நிய ஊரில் தங்கினார்கள். அவர் முன்பு ஆடிய நியூவெல்ஸ் ஓல்ட் பாய்ஸ் கிளப்போடு இருந்த பிணக்கால் முதல் வருடம் பெரும்பாலான போட்டிகளில் அவர் இறங்கவே முடியவில்லை. அதையும் விட்டுவிட்டாய். ஒரு குழந்தைக்கு ஊசி கிடைக்க அவன் கால் நன்றாக ஆட வேண்டும், அதற்காக அவன் கடலும் தாண்ட வேண்டும் என்ற நிலை ஏன் வந்தது? உன் கட்டுரையில் இருந்திருக்க வேண்டிய கேள்வி இதுதான்.

பொறுத்தால் திறமை வீணாகிவிடும் என்கிறாய். பிரேசிலின் வினீசியஸ் ஜூனியரை எடுத்துக்கொள். 2017இல், 16 வயதில், ரியல் மாட்ரிட் அவருக்காக ஃபிளமெங்கோவுடன் ஒப்பந்தம் பேசி முடித்தது. ஆனால் 18 நிறைந்த பிறகுதான், 2018இல், அவர் ஸ்பெயினுக்குப் போனார். 2022 சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் வெற்றி கோலை அடித்தவர் அவர். இன்னொரு பிரேசில் வீரர் எண்ட்ரிக்கும் அப்படியே காத்திருந்தார். அந்த இடைவெளியில் பால்மெய்ராஸுக்காக ஆடி 2023 பிரேசில் லீக் பட்டத்தை வென்றார். 2024 மார்ச்சில், 17 வயதில், வெம்பிளியில் இங்கிலாந்துக்கு எதிராகக் கோல் போட்டார். சொந்த ஊர், சொந்த மொழி, அம்மா கைச் சாப்பாடு, கூடவே வளர்த்துவிட்ட கிளப்புக்கு உரிய பணம். பொறுத்ததால் இவர்கள் எதை இழந்தார்கள், சொல்.

உன் கட்டுரையில் தோற்றுப்போன பையன் ஒருவன்கூட இல்லை. இது எனக்கு இன்னும் எரிச்சல். கேமரூன் தேசிய அணியில் ஆடிய ஜான் குளோத் ம்புவுமின் எதற்காக 2000இல் பாரிஸில் ஃபூட் சொலிடேர் அமைப்பைத் தொடங்கினார்? ஆப்பிரிக்கக் குடும்பங்களிடம் பணத்தைக் கறந்து, பையன்களைச் சுற்றுலா விசாவில் கூட்டிவந்து, தேர்வில் தேறாதவர்களை நடுத்தெருவில் விட்டுப்போன ஏஜென்ட்டுகள் இருந்ததால்தான். அந்தப் பையன்களைத் தேடிப் போ. எந்த கிளப்பின் செய்தித் தொடர்பாளரும் உனக்கு அவர்களைக் காட்ட மாட்டார்.

எண்பதுகளில் நான் சென்னை லீக் ஆட்டங்களை எழுதிக்கொண்டிருந்தபோது, வட சென்னையில் ஒரு கோச் இருந்தார். அவரிடம் ஆடிய பையன் ஒருவனைக் கூட்டிப்போகக் கொல்கத்தாவிலிருந்து ஆள் வந்தது. பையன் அப்போது ஒன்பதாவது. பையனின் அம்மா சரி என்றுவிட்டார், அண்ணன் பெட்டியே கட்டிவிட்டான். "பத்தாவது எழுதாமல் இவன் ரயில் ஏறக் கூடாது" என்று கோச் குறுக்கே நின்றார். பிழைப்பைக் கெடுக்கிறார் என்று தெருவே அவரைத் திட்டியது. அவர் அசையவில்லை. பையன் பத்தாவது தேறிய பிறகு போனான், சில சீசன் ஆடினான், முழங்கால் போய்த் திரும்பி வந்தான். அந்தச் சான்றிதழை வைத்துத்தான் ரயில்வேயில் வேலை கிடைத்தது. ஒரு மனிதர் தன் பிடிவாதத்தால் கொடுத்த காவலை எல்லாப் பையன்களுக்கும் கொடுக்க ஒரு விதி வேண்டும். அதனால்தான் இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு இதையும் சொல்ல வேண்டும். கொரியாவின் லீ சுங்வூ பற்றி நீ எழுதிய பத்தி, இந்த வருடம் தமிழ் விளையாட்டுப் பக்கங்களில் நான் படித்தவற்றிலேயே சிறந்தது. 13 வயதில் பார்சலோனா அகாடமியில் சேர்ந்தவர், இந்த விதியால் 2013 முதல் 18 நிறையும் வரை அந்தச் சட்டையில் போட்டி ஆட முடியாமல் இருந்தார். அதே காலத்தில், 2014இல், ஆசிய 16 வயதுக்குட்பட்டோர் போட்டியின் சிறந்த வீரரும் அவரே. அந்த ஏக்கத்தை ஒரு மிகைச் சொல்கூட இல்லாமல் எழுதியிருக்கிறாய். பொறாமைப்படும்படி எழுதியிருக்கிறாய். ஆனால் அந்தப் பத்தியிலிருந்து நீ எடுத்த முடிவு தப்பு. விதியை மீறியது கிளப். விலை கொடுத்தது பையன். அப்படியானால் கிளப்பை இன்னும் கடுமையாகத் தண்டிக்கச் சொல்ல வேண்டும். பார்சலோனா கட்டிய அபராதம் 4,50,000 சுவிஸ் பிராங்க். அந்த கிளப்பின் கணக்கில் அது ஒரு தொகையா? பையன் சொந்த நாட்டு கிளப்பில் மறுநாளே பதிவு செய்து ஆட வழி கேள், அதுவரை அவன் செலவை மீறிய கிளப் தலையில் கட்டச் சொல்.

இன்னொன்று, நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருப்பது. பையன் எந்தப் பள்ளியில் படிக்கிறான் என்று கேள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 வயதில் மாறலாம் என்ற விலக்கிலேயே, கிளப் அவனுக்குப் படிப்பும் தங்குமிடமும் தர வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. டிரான்ஸ்ஃபர் தொகையை எழுதும் வரிக்குப் பக்கத்திலேயே பள்ளியின் பெயரும் வர வேண்டும். கிளப்பால் அதைச் சொல்ல முடியாவிட்டால் அதுவே தலைப்புச் செய்தி.

அந்த விலக்கையும் மூட வேண்டும் என்பது என் கருத்து. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, 2021 முதல், 18 வயதுக்குட்பட்ட வெளிநாட்டு வீரர்களை இங்கிலாந்து கிளப்புகள் எடுக்க முடியாது. அதனால் இங்கிலாந்துக் கால்பந்து படுத்துவிடவில்லை.

அடுத்த கட்டுரையை எழுது, உனக்கு அந்தக் கை இருக்கிறது. மெஸ்ஸியை விட்டுவிடு. ஊர் திரும்பிய பையன் ஒருவனின் வீட்டிலிருந்து தொடங்கு.

அன்புடன்,
உன் அண்ணன்