நேரலைக்குப் போகும் தம்பிகளுக்கு

முகூர்த்தம், கும்பாபிஷேகம், ஆடித் திருவிழா என்று சேலம், நாமக்கல் பக்கம் யூடியூப் நேரலைத் தொழிலுக்கு வந்திருக்கும் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கேமராவுக்குக் கொட்டும் பணம் இருக்கட்டும். படம் கெடுவது பெரும்பாலும் அனுப்பும் வழியில்தான்.

1. அப்லோடைக் கேளுங்கள். "நூறு எம்பி நெட் இருக்குங்க" என்று மண்டபத்துக்காரர் சொல்வது அநேகமாக டவுன்லோடு கணக்கு. 4ஜிக்கும் இது பொருந்தும். 2300 மெகாஹெர்ட்ஸில் ஒரே அலைவரிசையை ஏற்றவும் இறக்கவும் நேரம் பிரித்துக் கொடுக்கிறார்கள். பெரும்பங்கு இறக்கத்துக்கே போகிறது.

2. கூட்டத்தைக் கணக்கில் வையுங்கள். அனுமன் ஜெயந்திக்கு நாமக்கல் ஆஞ்சநேயருக்கு 1,00,008 வடை மாலை சாத்தும் காலையில், முந்தின நாள் ஆளில்லாத கோயில் வாசலில் பார்த்த வேகம் கிடைக்காது. டவர் அதேதான், பங்கு கேட்பவர்கள் ஆயிரக்கணக்கில். அப்படிப்பட்ட இடத்துக்கு ஃபைபர் இணைப்பை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

3. கிடைப்பதில் பாதியையே செலவழியுங்கள். 8 எம்பிபிஎஸ் நிலையாக ஏறினால் பிட்ரேட்டை 4-இல் நிறுத்துங்கள். அதற்கு 720 படம் சுத்தமாகப் போகும். பார்ட்டி 1080 கேட்டு அடம்பிடித்தால் 2020 மார்ச்சைச் சொல்லுங்கள். ஊரடங்கில் நெட் திணறியபோது நெட்ஃபிளிக்ஸ், அமேசான், ஹாட்ஸ்டாரே செல்போனுக்கு 480 போதுமென்று இந்தியாவில் இறங்கி வந்தன. நாம் 720-க்கு இறங்கினால் என்ன குறைந்துவிடும்?

4. கீஃபிரேம் இடைவெளி 2 விநாடி. நீங்கள் அனுப்பும் ஒரு படத்தை யூடியூப் பல தரங்களாக்கி, துண்டு துண்டாக நறுக்குகிறது. கொல்லிமலையில் சிக்னல் மங்கிய போன் தன் சக்திக்கேற்ற துண்டை எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு துண்டும் ஒரு முழுப் படத்தில், அதாவது கீஃபிரேமில், தொடங்க வேண்டும். அதனால்தான் இந்த 2.

5. ரூட்டரிலிருந்து லேப்டாப்புக்கு லேன் வயர் இழுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றையொன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. மண்டபம் முழுக்கப் போன் இருக்கும்போது அதை நம்ப முடியாது.

6. நேரலை மென்பொருளான ஓபிஎஸ்ஸின் கீழ்ப்பட்டையில் கண் வையுங்கள். வழியில் தொலைந்த தரவை, யூடியூபுக்குப் படத்தைக் கொண்டுபோகும் ஆர்டிஎம்பி இணைப்பு மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கும். பின்னால் வருவது தேங்கும். தேக்கம் முற்றினால் ஓபிஎஸ் ஃபிரேம்களைக் கழித்துவிடும். 'டிராப்டு ஃபிரேம்ஸ்' எண்ணிக்கை ஏறினால் கேமராவில் கை வைக்காதீர்கள், பிட்ரேட்டைக் குறையுங்கள். லேப்டாப்பே திணறினால் அது வேறு எண்ணாகக் காட்டும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

7. ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் யூபிஎஸ் வையுங்கள். கையில் வேறு கம்பெனி சிம் ஒன்றும் இருக்கட்டும்.

8. சத்தத்தைக் காப்பாற்றுங்கள். அதற்கு 128 கேபிபிஎஸ் போதும், படத்துக்குப் போவதில் முப்பதில் ஒரு பங்குகூட வராது. படம் மங்கினால் துபாயில் இருக்கும் தாய்மாமன் பொறுத்துக்கொள்வார். கெட்டிமேளம் பாதியில் அறுந்தால் உங்களுக்குத்தான் போன் வரும்.