கொழுந்தின் காவல்

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அங்குள்ள குளிரும் பனிமூட்டமும் தேயிலைக்கு ஏற்றவை. ஆனால், கொப்புள நோயை உண்டாக்கும் பூஞ்சைக்கும் அவையே பிடித்தமானவை! ஈரம் காயாத இளந்தளிரில்தான் அது முளைக்கும். நாம் பறிக்கும் இரண்டு இலையும் ஒரு மொட்டுமே அதற்கும் இரை. 1946இல் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இந்நோய் பரவித் தோட்டங்களுக்குப் பெரும் இழப்பை உண்டாக்கியது.

செடிக்கு இரத்தமில்லை, கிருமியைத் துரத்திச் செல்லும் வெள்ளை அணுக்களும் இல்லை. ஒவ்வோர் உயிரணுவும் தானே காவலாளி. அதன் மேற்புறத்தில் ‘ஏற்பிகள்’ எனப்படும் புரதங்கள் உள்ளன. பூஞ்சையின் சுவரிலுள்ள கைட்டின் துணுக்கு ஏற்பியில் பட்டதும், கால்சியம் உயிரணுவுக்குள் பாய்கிறது. அந்தச் சமிக்ஞை புரதம் விட்டுப் புரதம் கைமாறி உட்கருவை எட்டுகிறது. உடனே தற்காப்பு மரபணுக்கள் செயல்படத் தொடங்குகின்றன. உயிரணுச் சுவர் தடிக்கிறது. பூஞ்சையைச் சிதைக்கும் நொதிகள் சுரக்கின்றன. சில வேளைகளில், தாக்கப்பட்ட உயிரணு தன்னையே மாய்த்துக்கொள்ளும். உயிருள்ள திசுவில் மட்டுமே வாழக்கூடிய இப்பூஞ்சை அங்கே பட்டினி கிடக்க நேரிடும்.

இதுவே பிறவியிலேயே அமைந்த நோய் எதிர்ப்பாற்றல். நமக்கும் அது உண்டு. முள் குத்திய விரல் சிவந்து வீங்குவது, அங்குள்ள உயிரணுக்கள் அனுப்பிய சமிக்ஞையால்தான். இவ்வாற்றல் தூண்டப்படும் விதத்தைக் கண்டறிந்த புரூஸ் பியூட்லரும் ஜூல்ஸ் ஹோஃப்மனும் 2011இல் நோபல் பரிசு பெற்றனர்.

பூஞ்சையும் சளைத்ததன்று. சமிக்ஞையைத் தடுக்கும் புரதங்களைச் செடிக்குள் செலுத்தும் பூஞ்சைகள் உண்டு. சமிக்ஞை பிந்தினால் இலையில் கொப்புளம் எழும். பிறகு தாமிர மருந்து தெளிக்க வேண்டியதுதான். ஆகவேதான், மருந்தை மட்டும் நம்பியிராமல், நோயைத் தானே எதிர்க்கவல்ல தேயிலை வகைகளையும் ஆய்வாளர்கள் தேடுகின்றனர்.