தீப்புண்ணுக்கு முதல் மருந்து தண்ணீர்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் பெற்றோர் பலர் தொழிற்சாலைகளில் ஷிப்டு முறையில் வேலை செய்கின்றனர். என் வகுப்புப் பிள்ளைகள் சிலர் மாலையில் தாமே பால் காய்ச்சித் தம்பி தங்கையருக்குக் கொடுக்கின்றனர். எனவே எட்டாம் வகுப்பு வெப்பம் பாடத்துடன் தீப்புண் முதலுதவியையும் இணைத்துக் கற்பித்தேன்.

அறிமுகம்: "கையில் கொதிநீர் பட்டால் வீட்டில் என்ன செய்வார்கள்?" என்று கேட்டேன். பற்பசை, இட்லி மாவு, பேனா மை, மஞ்சள், எண்ணெய் என விடைகள் வந்தன. தண்ணீர் என்றவர்கள் இருவரே.

செயல்பாடு: ஒரே அளவுள்ள, வேகவைத்த இரண்டு உருளைக்கிழங்குகளை எடுத்தேன். ஒன்றில் மாவைத் தடிமனாகப் பூசினேன்; மற்றொன்றைக் குழாய் நீரில் 20 நிமிடம் காட்டினேன். பிறகு இரண்டையும் வெட்டினேன். மாவு பூசியதன் நடுப்பகுதி இன்னும் சூடாகவே இருந்தது. அடுப்பிலிருந்து எடுத்த பிறகும் உள்ளே வெப்பம் தங்குவதுபோல, தோலுக்குள்ளும் வெப்பம் தங்கித் திசுக்களைச் சிதைக்கும் என்பதை மாணவர்களே கூறினர்.

"எங்கள் லைன் வீட்டில் குழாய் இல்லையே, டீச்சர்?" என்றாள் ஒரு மாணவி. வாளி நீரைச் செம்பில் மொண்டு தொடர்ந்து ஊற்றலாம் என்று செய்து காட்டினேன்.

கற்க வேண்டியவை:
1. சுட்ட இடத்தில் 20 நிமிடம் சாதாரண நீர் ஊற்றுக. பனிக்கட்டி வேண்டாம்.
2. வீங்கும் முன் வளையல், மோதிரம், கயிறு ஆகியவற்றைக் கழற்றுக. ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்.
3. கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடுக. மை பூசினால் காயத்தின் ஆழம் மருத்துவருக்குத் தெரியாது.
4. உடையில் தீப்பிடித்தால் ஓடாதே. நில், படு, உருள்.
5. முகம், கை, மூட்டு ஆகிய இடங்களில் பட்டாலும், காயம் உள்ளங்கையைவிடப் பெரிதானாலும், கைக்குழந்தையானாலும் 108ஐ அழைக்க. சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்கெனத் தனிப் பிரிவு உண்டு.

தடுப்பு: குளிக்கும் வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகே வெந்நீர். ஹீட்டர் ராடு உள்ள வாளியருகே குழந்தையை விடக்கூடாது. கேஸ் வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து, வெளியே வந்து 1906ஐ அழைக்க வேண்டும்.

மதிப்பீடு: ஒவ்வொரு மாணவரும் வீட்டில் ஒருவருக்கு இதைக் கற்பித்து, அவர் கேட்ட கேள்வியை எழுதி வர வேண்டும். "மஞ்சள் கிருமிநாசினிதானே?" என்ற பாட்டியின் கேள்வியே எங்கள் அடுத்த வகுப்புக்குத் தொடக்கமாயிற்று.